மூடுபனி மாதத்தில் மண் வேலை: கோத்தகிரித் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து கை ஓடவில்லை, புதிதாக ஒன்றும் தோன்றவில்லை என்று எழுதியிருந்தாய். கூடவே அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரே பலகையில் இரண்டு கோப்பை, ஒரு டீ கெண்டி, கழுத்து வரை வந்த பூச்சாடி, ஒரு தட்டு, மூடி இல்லாத ஜாடி. ஆறு சாமான், ஆறு விதமான ஈரம். உனக்குக் கற்பனை வற்றவில்லை. உன் வேலை வரிசைதான் உன் ஊர் வானிலையோடு மல்லுக்கு நிற்கிறது. பொழுதெல்லாம் அதிலேயே போய்விடுகிறது.

கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சமவெளியில் காலையில் வனைந்த கோப்பை சாயங்காலத்துக்குள் அடி சீவும் பதத்துக்கு வந்துவிடும். உன் ஊரில் வடகிழக்குப் பருவமழை முடியும் வரை அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். தை பிறந்து வறட்டுக் காற்று வீசினால் நேர்மாறு: மதியத்துக்குள் விளிம்பு வெளுத்துவிடும், அடி மட்டும் ஈரமாக நிற்கும், நடுவில் விரிசல் ஓடும். ஆகவே இன்ன கிழமை வனைதல், இன்ன கிழமை சீவல் என்று வகுப்பில் எழுதிக்கொண்ட அட்டவணையைக் கழற்றிவிடு. காலையில் முதல் வேலை, பலகையில் உள்ளதையெல்லாம் தொட்டுப் பார்ப்பது. நகம் அழுத்தினால் தடம் விழ வேண்டும், விரலில் மண் ஒட்டக் கூடாது. அதுதான் தோல் பதம். அந்தப் பதத்தில் ஒன்று இருந்தாலும் அன்றைக்குச் சக்கரத்தில் புது உருண்டை ஏற்றாதே. சீவலையும் கைப்பிடியையும் முடித்துவிட்டுத்தான் மற்றது.

இந்த ஒழுங்கு நடக்க வேண்டுமானால் பலகையில் உள்ளவை ஒரே ஈரத்தில் இருக்க வேண்டும். மழை மாதங்களில் ஒரே வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான். 400 கிராம் உருண்டை இருபது நிறுத்து வை, எல்லாம் கோப்பை. முதல் ஐந்தில் விளிம்பை மட்டும் மாற்று. அடுத்த ஐந்தில் விளிம்பைத் தொடாதே, வயிறு அகலும் இடத்தை ஒரு விரல்கடை மேலே ஏற்று. ஐந்துக்கு ஒன்றைக் கம்பியால் நட்ட நடுவில் அறுத்துச் சுவரைப் பார். அடி ஓரத்தில் மண் தேங்கி, மேலே காகிதமாக இருக்கிறதா என்று அங்கேதான் தெரியும். நீ அனுப்பும் பூச்சாடிப் படங்களைவிட, அப்படி அறுத்த நான்கு பாதிகளின் படம் உன் கையைப் பற்றி எனக்கு அதிகம் சொல்லும். அளவையும் இப்போதே பழகிக்கொள். ஸ்டோன்வேர் மண் (அதிகச் சூட்டில் கல்போல இறுகும் மண்) சுட்டு முடிவதற்குள் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு சுருங்கும் என்று வைத்தால், முடிந்த கோப்பை 10 செ.மீ. உயரம் வேண்டுமானால் சக்கரத்தில் 11.4 செ.மீ. எழுப்ப வேண்டும்.

ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பச் செய்தால் அலுத்துவிடும் என்பாய். சென்னைக்குப் போனால் எழும்பூர் அருங்காட்சியகத்தில் நீலகிரிக் கல்வட்டங்களிலிருந்து எடுத்த ஈமப் பானைகளைப் பார்த்துவிட்டு வா. உன் மலையில் கிடைத்தவைதான். அடுக்கடுக்காக எழும்பும் உயரமான ஜாடி, அதன் மேல் மூடி, மூடியின் உச்சியில் எருமை, வேறு விலங்குகள், மனித உருவம். ஜாடி பெரிதாக மாறவில்லை. மூடியின் உச்சி மாறிக்கொண்டே போகிறது. அந்த உருவங்களில் இருக்கும் துணிச்சலுக்கு அடியில் நிற்கும் பழகிய வடிவமே இடம் கொடுத்தது என்பது என் எண்ணம். உன்னைச் சுற்றியுள்ள கோத்தர் பழங்குடி ஊர்களில் பானை வனைவது வழிவழியாகப் பெண்கள் கைத்தொழில். யாராவது காட்டச் சம்மதித்தால், செய்முறையைவிட அவர்கள் மண்ணைப் பதம் பார்க்கும் விதத்தைக் கவனி.

மண் காலையில் கல்லாக இருக்கிறது, தண்ணீர் தெளித்துப் பிசைகிறேன் என்கிறாய். தெளிக்காதே. அது வறண்டு இறுகவில்லை, குளிரில் இறுகியிருக்கிறது. தண்ணீர் சேர்த்தால் வெயில் ஏறியதும் கொழகொழத்துச் சுவர் சரியும். மறுநாளுக்கு வேண்டிய மண்ணை இரவே அடுப்படிக்குப் பக்கத்தில் வை, சக்கரத்தடிக் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றிக்கொள். விரல் மரத்துப்போனால் மண்ணின் தடிமன் தெரியாது. அடி நடுவில் எஸ் போல ஓடும் விரிசலுக்கு மழையைக் குறை சொல்லாதே. வனையும்போது அடியை நடுவிலிருந்து ஓரத்துக்கும், ஓரத்திலிருந்து நடுவுக்கும் அழுத்தித் தேய்க்காமல் விட்டதும், அங்கே தேங்கிய தண்ணீரைப் பஞ்சில் ஒற்றாமல் விட்டதும்தான் காரணம். கைப்பிடி விடுவதற்குக் காரணம் வேறு. கைப்பிடி ஈரமாக இருக்கிறது, கோப்பை காய்ந்துவிட்டது. இரண்டும் ஒரே பதத்தில் இருக்கும்போது ஒட்டி, ஓர் இரவு முழுக்கப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து ஈரத்தைச் சமப்பட விடு.

காய்ந்துவிட்டதா என்று கன்னத்தில் வைத்துப் பார்க்கும் வழக்கம் மலையில் உதவாது. அங்கே எல்லாமே குளிராகத்தான் இருக்கும். தராசுதான் பேசும். ஒரு கோப்பையின் அடியில் எண் போட்டு, காலையும் மாலையும் எடை எழுது. இரண்டு நாள் ஒரு கிராம்கூடக் குறையாமல் நின்றால், இந்தக் காற்றில் அதற்கு மேல் காயாது என்று பொருள். மிச்ச ஈரத்தைச் சூளைதான் எடுக்க வேண்டும். உன் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். அதனால் 80ஐத் தாண்டாமல் ஆறு முதல் எட்டு மணி நேரம் நிறுத்து, மூடியை ஒரு விரல் இடைவெளி விட்டு வை. பார்வைத் துளைக்கு நேரே ஒரு சின்னக் கண்ணாடியைக் காட்டு. அதில் ஆவி படிவது நின்ற பிறகுதான் சூட்டை ஏற்று. சுவருக்குள் தண்ணீர் கொதித்தால் பானை வெடிக்கும், பக்கத்தில் உள்ளதையும் கெடுக்கும். பிறகு மணிக்கு 100 டிகிரி வீதம் 600 வரை. 573இல் மண்ணில் உள்ள குவார்ட்ஸ் திடீரென்று விரியும் என்பதால் அந்த இடத்தில் அவசரம் கூடாது. அதன் பின் மணிக்கு 150 வீதம் 1000 வரை போகலாம். மழையில் மரம் விழுந்து கரண்ட் போனால் பதறாதே. துளைகளை அடைத்து மூடியே வை, வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஏற்று. கிளேஸ் (கண்ணாடிப் பூச்சு) சுடுகையில் மீட்டரைவிடக் கோனை, அதாவது உரிய சூடு ஏறியதும் சாயும் சின்னக் கூம்பை, நம்பு. கோன் 6 எந்த வேகத்தில் ஏற்றுகிறாய் என்பதைப் பொறுத்து 1220க்கும் 1245க்கும் நடுவில் எங்கும் சாயலாம்.

கிளேஸ் மெலிந்து போவதற்கும் மூடுபனிதான் காரணம். பிஸ்க் (கிளேஸ் பூசுவதற்கு முந்தைய முதல் சூடு) சுட்ட கோப்பை அலமாரியில் ஒரு வாரம் இருந்தால் காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும். அப்புறம் கிளேஸை உறிஞ்சாது. முக்குவதற்கு முன் கை பொறுக்கும் சூட்டுக்குக் காயவைத்து, ஆறவிட்டு எடு. கிளேஸ் 100 மி.லி. எடுத்தால் 145 முதல் 150 கிராம் இருக்க வேண்டும், மூன்று எண்ணுவதற்குள் முக்கி எடுக்க வேண்டும். காய்ந்ததும் ஊசியால் கீறிப் பார், ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் சரி.

புதிது வேண்டும் என்றாயே, அது உன் வேலியோரத்தில் கிடக்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சியைக் கேட்டு வாங்கு. தேயிலை, மண்ணிலிருந்து அலுமினியத்தையும் மாங்கனீசையும் இழுத்துச் சேர்க்கும் செடி, அதிலும் இலையில் அதிகம். ஆகவே இலையோடு எரித்த சாம்பல் ஒன்று, வெறும் தண்டு எரித்த சாம்பல் ஒன்று, சீகை மரச் சாம்பல் ஒன்று என்று தனித்தனி டிரம்மில் வை. குப்பை எரித்த அடுப்புச் சாம்பலைக் கலக்காதே. தண்ணீரில் ஊறவைத்து, மிதக்கும் கரியை அள்ளி, வழவழப்பான நீரை இரண்டு முறை வடித்து ஊற்று. அந்த நீர் தோலை அரிக்கும், கையுறை இல்லாமல் தொடாதே. காயவைத்து 80 மெஷ் (அங்குலத்துக்கு 80 கண்) சல்லடையில் சலி. சைனா கிளே (வெள்ளைக் களிமண்) 20 என்று நிறுத்திக்கொண்டு, சாம்பல் 30, 40, 50, 60 என்றும், ஃபெல்ட்ஸ்பார் (சூட்டில் உருகும் கல் பொடி) 50, 40, 30, 20 என்றும் நான்கு கலவை செய். இவை கோன் 6ஐவிடச் சூடு கூடிய கோன் 10க்கு உரியவை. உன் சூளை கோன் 6 வரைதான் என்பதால் ஒவ்வொரு நூறு கிராமுக்கும் 15 கிராம் போரான் ஃப்ரிட்டில் (கலவையைக் குறைந்த சூட்டில் உருகவைக்கும் கண்ணாடிப் பொடி) தொடங்கு. வெள்ளையும் உலர்வுமாக நின்றால் ஃப்ரிட்டைக் கூட்டு. ஒவ்வொரு கலவையையும் ஒரு சின்னச் சோதனை ஓட்டில் பூசிப் பார். ஓடுகளை நிமிர்த்தி வைத்துச் சுடு, மேல் முக்கால் பாகத்தில் மட்டும் பூசு, அடியில் பழைய மண் தட்டு ஒன்று போடு. படுத்த ஓட்டில் கிளேஸ் ஓடுவதே தெரியாது. ஓட்டின் பின்புறம் இரும்பு ஆக்சைடு கரைசலால் எண் எழுது, பேனா மை எரிந்துவிடும். நோட்டில் எந்தச் செடி, எந்த மாதம் எரித்தது, கழுவியதா, அடுக்கில் எந்தத் தட்டு என்பது வரை இருக்கட்டும். ஓட்டில் பிடித்த நிறத்தை உடனே கோப்பைக்குள் ஊற்றிவிடாதே. எலுமிச்சைத் துண்டை ஓர் இரவு அதன் மேல் வைத்து நிறம் மாறினால், அது வெளிப்புறத்துக்கு மட்டும். மாறாவிட்டாலும் மாங்கனீசு கூடிய கிளேஸை உள்ளே பூசுவதற்கு முன் ஆய்வகத்தில் கசிவுப் பரிசோதனை செய்துவிடு.

மழையென்று ஜன்னலைச் சாத்திவிட்டுத் துடைப்பத்தால் பெருக்குகிறாய் என்றால் இன்றே நிறுத்து. காய்ந்த மண் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கினால் வெளியே வராது. ஈரத் துணியால் துடை, பொடி கலக்கும்போது என்95 மாஸ்க் போடு.

சூளை திறந்ததும் அந்த நான்கு ஓடுகளின் படத்தை முன்னும் பின்னுமாக அனுப்பு. எடை எழுதிய பக்கமும் கூட வரட்டும். 50 சாம்பல் ஓடு அடித் தட்டு வரை ஓடியிருந்தால் 60ஐ அடுத்த சூட்டில் விட்டுவிட்டு, 40க்கும் 50க்கும் இடையே இரண்டு படி சேர்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா