செராம்பூர் முத்திரை

அன்புள்ள சாமுவேல்,

போன வாரமே எழுத வேண்டியது, வீட்டில் விருந்தாளிகள் கூட்டம், தள்ளிப்போய்விட்டது. சின்னவள் கீழ்ப்பாக்கம் குருகுலம் இறையியல் கல்லூரியில் பி.டி. என்கிற இறையியல் பட்டம் முடித்துவிட்டாள். பட்டத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "செராம்பூரா? பெண் இங்கேதானே படித்தாள்?" என்றார். அவருக்கு விளக்கப் போனபோதுதான் எனக்கே பாதிதான் தெரியும் என்று புரிந்தது. அப்புறம் உட்கார்ந்து படித்தேன். படிப்பு இங்கே குருகுலத்தில் என்றாலும், பட்டம் வருவது வங்காளத்துச் செராம்பூர் கல்லூரியின் பெயரில்தான்.

ஞானஸ்நானம் தெளிப்பா முழுக்கா என்று பெரம்பூர் டீக்கடையில் நாம் எத்தனை நாள் சண்டை போட்டிருப்போம்! கடைசியில் லுத்தரன் வீட்டுப் பெண்ணின் பட்டத்தில் உங்கள் பாப்டிஸ்ட் ஆட்கள் தொடங்கிய ஊரின் பெயர். செருப்புத் தைத்துப் பிழைத்த கேரி, வாத்தியார் மார்ஷ்மன், அச்சுக்காரர் வார்ட், மூவரும் 1818-இல் ஆரம்பித்த கல்லூரி அது. பக்கத்திலேயே கல்கத்தா இருக்க, செராம்பூருக்கு ஏன் போனார்கள் என்றால், கல்கத்தாவை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அப்போது மிஷனரி என்றாலே ஆகாது. ஹூக்ளிக் கரையில் டென்மார்க் கொடி பறந்த அந்த ஊரில்தான் 1800-இல் இடம் கிடைத்தது. பாதிரியாக வேண்டியவர்கள் மட்டுமில்லை, எந்தச் சாதி, எந்த மதத்துப் பையனும் சேரலாம் என்று அந்தக் காலத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

1827-இல் டென்மார்க் அரசர் ஆறாம் பிரெடெரிக் பட்டம் கொடுக்கும் உரிமையைச் சாசனமாகவே எழுதிக்கொடுத்துவிட்டார். நம் சென்னைப் பல்கலைக்கழகம் வந்ததே 1857-இல்தான், பார்த்துக்கொள். 1845-இல் செராம்பூரையும் நம்ம தரங்கம்பாடியையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்குக் கம்பெனிக்கு விற்றபோதும், கல்லூரியின் உரிமை அப்படியே நீடிக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருக்கிறார்கள். அந்த வரி மட்டும் விட்டுப்போயிருந்தால் என் வீட்டுச் சுவரில் இன்று காலண்டர்தான் தொங்கியிருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், கையில் சாசனத்தை வைத்துக்கொண்டு இறையியலில் முதல் பட்டம் கொடுக்க 88 வருஷம் ஆகியிருக்கிறது. ஹவல்ஸ் முதல்வராக இருந்தபோது, 1915-இல். கேரி 1834-லேயே போய்விட்டார், பாவம்.

சரி, உன் முழங்கால் எப்படி இருக்கிறது? கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒருநாள் வந்து பட்டத்தைப் பார்த்துவிட்டுப் போ. முழுக்குக்காரனுக்கும் பிரியாணி உண்டு.

அன்புடன்,
தேவராஜ்
அயனாவரம்