கல்லமேட்டில் தொலைந்த எலும்பும் மிஞ்சிய பல்லும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த புருஹத்காயோசரஸ் என்ற டைனோசரை மாபெரும் ஊனுண்ணி என்று உங்கள் கட்டுரை குறிப்பிட்டிருந்தது. 1987-இல் நிலவியலாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் பெயர் சூட்டியபோது கருத்து அப்படித்தான் இருந்தது. 1995-இல் தொல்லுயிரியலாளர் சங்கர் சாட்டர்ஜி அதை நீள்கழுத்துத் தாவரவுண்ணிகளோடு சேர்த்தார். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பின் நீளம் மட்டுமே 2 மீட்டர் என்று பதிவாகியிருக்கிறது. இன்னொரு மாபெரும் நீள்கழுத்து டைனோசரான அர்ஜென்டினோசரஸுக்கு அது சுமார் 1.55 மீட்டர்தான்.

அந்த எலும்பை இன்று மறுபடி அளக்க வழியில்லை. அது பொடிந்துபோய்விட்டது. கல்மரத்தையே, அதாவது கல்லாகிப்போன பழைய மரத்தையே, எலும்பென்று நினைத்துவிட்டார்களோ என்ற சந்தேகமும் எழுந்தது. சாத்தனூர் கல்மரம் உள்ள வட்டாரம், கேள்வி நியாயமானதே. 2022-இல் பழைய களப் புகைப்படங்கள் வெளியான பிறகு எலும்பு என்ற தரப்பு வலுப்பட்டது. தபால்தலை அளவு துண்டு ஒன்று மிஞ்சியிருந்தாலும் போதும்: 0.03 மி.மீ. தடிமனுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தால், எலும்பில் ரத்தக்குழாய்த் துளைகளைச் சுற்றி வளையங்கள் தெரியும். மரத்தில் செல்கள் வரிசையாக நிற்கும்.

களிமண்தான் இங்கே பெரிய எதிரி. ஈரத்தில் வீங்கும், காய்ந்தால் சுருங்கும். எலும்பின் விரிசலுக்குள் புகுந்த களியும் அப்படியே செய்து எலும்பைப் பிளக்கும். ஆகவே எலும்பை வெயிலில் திறந்து போடக் கூடாது. நிழலில் மெதுவாக உலரவிட வேண்டும். அசிட்டோனில் கரைத்த பாரலாய்டு பசை ஈர எலும்புக்குள் இறங்காது, மேலேயே வெளுத்து நிற்கும். ஈரம் போகாத இடத்தில் நீரில் கலக்கும் அக்ரிலிக் பசையே உதவும். பிறகு எலும்பைப் பெயர்த்தெடுக்க, அதன்மேல் நனைத்த மெல்லிய காகிதம், அதன்மேல் தோசைமாவுப் பதத்தில் கரைத்த பாரிஸ் சாந்தில் தோய்த்த சணல் சாக்குப் பட்டைகள் இரண்டு மூன்று அடுக்கு. காகிதத்தை விட்டுவிட்டால் சாந்து எலும்போடு ஒட்டி, பிரிக்கும்போது மேற்பரப்பையே உரித்துவிடும். நீண்ட எலும்புக்கு மரச்சட்டம் கட்டாயம். இல்லையேல் புரட்டும்போது நடுவில் முறியும்.

இதே கல்லமேட்டுப் படிவுகளிலிருந்து 2013-இல் ஒரு சிறு பல் அறிவிக்கப்பட்டது. அதுவரை வடகண்டங்களில் மட்டுமே அறியப்பட்டிருந்த ட்ரூடொண்டிட் என்னும் ஊனுண்ணிக் குடும்பம் இந்தியாவிலும் வாழ்ந்தது என்பதற்கு அந்த ஒற்றைப் பல்தான் சான்று. ஒரு பல்லை வைத்து இவ்வளவு சொல்லலாமா என்று கேட்பவர் அதை எடுத்து மறுபடி அளந்து பார்க்கலாம். 2 மீட்டர் எலும்புக்கு அந்த வாய்ப்பு இல்லை.

அரியலூரில் இனி எந்த எலும்பு வெளிப்பட்டாலும், அளவுகோல் வைத்து, ஒரு படத்தின் ஓரம் அடுத்த படத்திலும் வரும்படி எல்லாப் பக்கமும் படமெடுத்து, அன்றைக்கே முப்பரிமாணப் பதிவு செய்வதை ஆய்வுத் துறைகள் கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
நிலவியல் ஆசிரியர், திருச்சி