படிக்காமல் மூடப்படும் எச்சரிக்கை

ஆசிரியர் அவர்களுக்கு,

அம்மாவுக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது. போன மாதம் டாக்டர் அமாக்சிசிலின் என்று தட்டியதுமே கணினித் திரையில் எச்சரிக்கையாகச் சிவப்புக் கட்டம் வந்தது. அமாக்சிசிலினும் பெனிசிலின் குடும்பம்தானே. அவர் படிக்காமலே மூடிவிட்டார். பக்கத்தில் இருந்த நான் சத்தம் போட்ட பிறகுதான் மருந்து மாறியது. "ஒரு நாளைக்கு இப்படி எத்தனையோ வருதும்மா" என்றார். உண்மைதான். 20 வருஷம் நர்ஸாக இருந்தவள் நான். ஓயாமல் கூவும் மானிட்டர் அலாரம் நாளடைவில் காதிலேயே விழாது. ஆனால் லேசான வயிற்றெரிச்சலுக்கும் உயிருக்கே உலை வைக்கும் ஒவ்வாமைக்கும் ஒரே சிவப்புக் கட்டம் எதற்கு? பெரிய ஆபத்து என்றால், காரணம் எழுதாமல் மூட முடியாதபடி மென்பொருளை அமைக்கலாமே. அதுவரை, 'பெனிசிலின் கூடாது' என்று நான் எழுதிய சீட்டு அம்மாவின் பர்ஸிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்