ஹூஸ்டனின் 2023 கோடை: தொகையோடு வருடத்தையும் பார்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. வீட்டில் எல்லோரும் நலம் என்று படித்ததில் மகிழ்ச்சி. இங்கும் நலமே. நீ கேட்ட கேள்விக்கு நேராக வந்துவிடுகிறேன். அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் மூன்று வருடமாகத் தோற்றுக்கொண்டிருந்த ஹூஸ்டன் ராக்கெட்ஸ், 2023 கோடையில் டொராண்டோ அணியில் ஆடிய ஃப்ரெட் வான்வ்லீட்டுக்கு மூன்று வருடத்துக்கு 12.85 கோடி டாலர் கொடுத்தது ஏமாளித்தனம் என்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புதிதாகக் கட்டி எழுப்பப்படும் அணிகள் எடுத்த முடிவுகளில் மிகத் தெளிவாகக் கணக்குப் போட்டு எடுத்தவற்றில் அதுவும் ஒன்று. தொகையை மட்டும் பார்த்தால் அது பிடிபடாது.

முதலில் அவர்கள் நின்ற இடத்தைப் பார். 2020-21இல் 17 வெற்றி, அடுத்த ஆண்டு 20, அதற்கடுத்து 22. புதிய இளம் வீரர்களை அணிகள் எடுக்கும் டிராஃப்டில் யார் முதலில் எடுப்பது என்று முடிவு செய்யும் குலுக்கல்தான் லாட்டரி. 2023 லாட்டரிக்கு முன் சான் அன்டோனியோ ஸ்பர்ஸும் ஹூஸ்டனும் 22 வெற்றி, 60 தோல்வி (22-60) என்று ஒரே நிலையில் இருந்தன. முதல் இடத்துக்கு இரண்டுக்கும் தலா 14 சதவீத வாய்ப்பு. ஸ்பர்ஸுக்கு முதல் இடமும் அதோடு எல்லோரும் எதிர்பார்த்த இளம் வீரர் வெம்பன்யாமாவும் கிடைத்தன. ஹூஸ்டன் நான்காவது இடத்துக்குச் சரிந்து ஆமென் தாம்சனை எடுத்தது. அந்த ஆண்டு 17-65 என்று எல்லோரையும் விட அதிகம் தோற்ற டெட்ராய்ட்டின் கதி இன்னும் மோசம்: ஐந்தாம் இடம். 2019இல் வந்த லாட்டரி விதிப்படி அப்போது கடைசி மூன்று அணிகளுக்கும் ஒரே வாய்ப்புதான். அதற்கு மேலும் தோற்பதால் கூடுதலாகக் கிடைத்தது மிகக் குறைவு.

ஹூஸ்டனுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. 2019இல் கிறிஸ் பாலைக் கொடுத்து ரஸல் வெஸ்ட்புரூக்கை வாங்கியபோது, தன் 2024 முதல் சுற்று டிராஃப்ட் உரிமையை ஓக்லஹோமா சிட்டிக்கு எழுதிக் கொடுத்திருந்தது. முதல் நான்கு இடங்களுக்குள் விழுந்தால் மட்டும் அது ஹூஸ்டனிடமே தங்கும். லீகிலேயே கடைசி அணியானாலும் முதல் நான்குக்குள் வரும் வாய்ப்பு 52.1 சதவீதம்தான். அதாவது இன்னொரு வருடம் முழுக்க அடி வாங்கிவிட்டு, அதன் பலனை 47.9 சதவீத நேரம் போட்டி அணியின் கையில் வைக்க வேண்டியிருக்கும். அதே சமயம் ஜேம்ஸ் ஹார்டனைக் கொடுத்த டிரேடில் (வீரர் பரிமாற்றத்தில்) வந்த புரூக்ளினின் 2024 முதல் சுற்று உரிமை எந்த நிபந்தனையும் இல்லாமல் கையில் இருந்தது. புரூக்ளின் தோற்றால் போதும், ஹூஸ்டனுக்கு லாபம். ஜெயிப்பதில் நஷ்டமே இல்லாத நிலை அது. வான்வ்லீட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைத்தான் மனத்தில் வைக்க வேண்டும்.

அடுத்தது பணம். ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைக்கும் வரம்பு, அதாவது சம்பள உச்சவரம்பு, 2023-24க்கு 13.60 கோடி டாலர். ஜான் வால் என்ற வீரரை விலக்கியதற்காக 2022-23 கணக்கில் ஏறியிருந்த சுமார் 4 கோடி அந்தக் கோடையோடு மறைந்தது. அணியில் பெரும்பாலோர் முதல் ஒப்பந்தத்தில் இருந்த இளைஞர்கள். ஆக, ஏறத்தாழ 6 கோடி டாலர் இடம் திறந்தது. அதைச் செலவழிக்காமல் சேர்த்து வைக்கவும் முடியாது. உச்சவரம்பில் 90 சதவீதம், அதாவது 12.24 கோடி வரை ஒவ்வொரு அணியும் சம்பளம் கொடுத்தாக வேண்டும். 2023இன் புதிய தொழிலாளர் உடன்படிக்கைப்படி, சீசன் தொடங்கும் நாளுக்குள் அந்த அளவை எட்டாத அணிக்கு, அதிகம் செலவழிக்கும் அணிகள் கட்டும் சொகுசு வரியிலிருந்து கிடைக்கும் பங்கில் வெட்டு விழும். "அதிகமாகக் கொடுத்துவிட்டார்கள்" என்று சொல்லும்போது இதை மறந்துவிடுகிறோம். இளம் அணிக்கு அந்த ஒரு கோடையில் பணம் ஒரு பொருட்டே இல்லை. அந்தப் பணம் எத்தனை வருடம் கணக்கில் உட்கார்ந்திருக்கும் என்பதுதான் கவலை.

இப்போது ஒப்பந்தத்தைப் பிரித்துப் பார். வான்வ்லீட் அதற்கு முன் ஏழு சீசன் ஆடியவர். அவருக்குச் சட்டப்படி கொடுக்கக்கூடிய அதிகபட்சம் உச்சவரம்பில் 30 சதவீதம். முதல் வருடம் 4.08 கோடி, அதன் பிறகு ஆண்டுக்கு 5 சதவீத உயர்வு, மூன்றாம் வருடம் 4.49 கோடி. வேறு அணியிலிருந்து வருகிறவருக்கு நான்கு வருடம் வரை கொடுக்கலாம். ஹூஸ்டன் மூன்றுதான் கொடுத்தது, அதிலும் மூன்றாவது வருடத்தைத் தொடர்வதா வேண்டாமா என்பது அணியின் விருப்பம். வருடத்தைக் குறைத்ததற்கு விலையாக ஆண்டுத் தொகையை உச்சத்துக்கு ஏற்றினார்கள்.

அந்த மூன்றாவது வருடம் 2025-26. ஹூஸ்டனின் இளம் வீரர்கள் ஜேலன் கிரீன், ஆல்பெரன் ஷெங்குன் இருவரும் 2021 டிராஃப்டில் வந்தவர்கள். முதல் சுற்று ஒப்பந்தம் நான்கு வருடம், நீட்டிப்பு ஐந்தாம் வருடத்தில் தொடங்கும். அதாவது அதே 2025-26. இளைஞர்களின் சம்பளம் ஏறும் அதே நாளில் வான்வ்லீட்டின் 4.49 கோடியை இறக்கிவிடும் உரிமை அணியின் கையில். இந்தப் பொருத்தம் தற்செயலாக அமைந்தது என்று என்னால் நம்ப முடியவில்லை.

அதே கோடையில் எடுத்த டில்லன் புரூக்ஸ் விஷயத்தில் வழி வேறு. 4 வருடம், அடிப்படைத் தொகை 8.6 கோடி, ஆனால் ஆண்டுக்காண்டு இறங்கும் தொகை: முதல் வருடம் சுமார் 2.26 கோடி, கடைசி வருடம் சுமார் 2 கோடி. உச்சவரம்பு ஏறிக்கொண்டே போக, இவர் சம்பளம் இறங்கிக்கொண்டே போகும். எனவே நாளாக நாளாக அவரை டிரேட் செய்வது எளிதாகும். ஜாக் லேண்டேலுக்கு 4 வருடம் 3.2 கோடி, உத்தரவாதம் முதல் வருடத்துக்கு மட்டும். மூன்று பேர், மூன்று வடிவம். மூன்றிலும் வெளியேறும் கதவு உண்டு.

இதற்குக் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். வான்வ்லீட், புரூக்ஸ் இருவரின் முதல் வருடச் சம்பளத்தைக் கூட்டினாலே 6.3 கோடியைத் தாண்டுகிறது. இடம் போதவில்லை. கென்யன் மார்ட்டின் ஜூனியர், ஜோஷ் கிறிஸ்டஃபர், உஸ்மான் கருபா, டைடை வாஷிங்டன் நால்வரையும் அனுப்பினார்கள். பின்னவர் மூவரும் 2021, 2022 முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர்கள். புதிதாகக் கட்டும் அணிகள் தடுக்கி விழும் இடம் இதுதான்: 20ஆம் இடத்துக்குப் பிறகு எடுத்த மூன்று இளைஞர்களுக்கும் ஆட நிமிடங்கள் கொடுக்காமல், விடவும் மனமில்லாமல், பட்டியலின் 15 இடத்தில் மூன்றைப் பூட்டி வைப்பது. இரண்டு வருடத்தில் விலை போகாமல் வீணாகும். ஹூஸ்டன் தன் தேர்வு தவறிப்போனதை ஒப்புக்கொண்டு விட்டுவிட்டது.

இதோடு சார்லட் அணியை ஒப்பிட்டுப் பார். 2020இல் கார்டன் ஹேவர்டுக்கு 4 வருடம் 12 கோடி. அதற்கு இடம் செய்ய, நிகோலா பட்டூமை விலக்கி, அவருக்கு எஞ்சிய ஒரு வருடச் சம்பளம் 2.71 கோடியைப் பல வருடக் கணக்கில் நீட்டிப் பிரித்தார்கள். விதி இதுதான்: எஞ்சிய வருடத்தை இரட்டித்து ஒன்று கூட்டு. ஒரு வருடம் மூன்றானது, ஆண்டுக்கு ஏறத்தாழ 90 லட்சம், ஆடாத ஒருவருக்கு. ஹேவர்டும் காயத்தால் அடிக்கடி வெளியே இருந்தார். அந்த நான்கு சீசனிலும் சார்லட் ஒருமுறைகூடப் பிளேஆஃபுக்குள் நுழையவில்லை. ஹேவர்டு நல்ல ஆட்டக்காரர், ஆண்டுத் தொகையும் வான்வ்லீட்டுடையதை விடக் குறைவு. கெடுத்தது நான்காவது வருடமும் பட்டூமின் நிழலும்.

ஆட்டத்தைப் பொறுத்தவரை ஏன் வான்வ்லீட் என்றால், லீகிலேயே அதிகம் பந்தைத் தொலைத்த அணிகளில் ஹூஸ்டனும் ஒன்று. அவர் பந்தை அரிதாகவே தொலைக்கும் பாயிண்ட் கார்டு (ஆட்டத்தை முன்னின்று நடத்துபவர்), 2019இல் டொராண்டோவோடு கோப்பை வென்றவர். புதிதாக வந்த பயிற்சியாளர் ஈமே உடோகாவுக்குத் தடுப்பாட்டம்தான் முதல் மந்திரம். கிரீனும் ஷெங்குனும் ஜாபரி ஸ்மித்தும் ஒழுங்கான ஆட்டத்துக்குள் வளர வேண்டுமானால், பந்தைச் சரியான நேரத்தில் சரியான கையில் கொடுக்க ஒருவர் தேவை. தோல்வியே பழகிப்போன அணியில் இருபது வயதுக்காரனின் கெட்ட பழக்கங்கள் இறுகிவிடும். இதை எந்தப் புள்ளிவிவரத்திலும் காட்ட முடியாது, ஆனால் நான் இதை உறுதியாக நம்புகிறேன். (டொராண்டோவை நினைத்தால்தான் வருத்தம். பிப்ரவரியில் டிரேட் செய்யாமல் வைத்திருந்து, கோடையில் ஒன்றும் கைக்கு வராமல் அவரை இழந்தார்கள்.)

பலன் என்ன? 2023-24இல் 41-41. ஓக்லஹோமாவுக்குப் போன உரிமை 12ஆம் இடமாகச் சுருங்கியது. புரூக்ளினின் உரிமையோ லாட்டரியில் மூன்றாம் இடத்துக்கு ஏறி, ரீட் ஷெப்பர்டு வந்தார். 2024-25இல் 52 வெற்றி, லீகின் மேற்குப் பிரிவில் இரண்டாம் இடம். பிளேஆஃப் முதல் சுற்றில், ஏழாவது ஆட்டம் வரை நீண்ட தொடரில் கோல்டன் ஸ்டேட்டிடம் தோல்வி.

2025 கோடையில்தான் அந்தக் கதவுகள் திறந்தன. வான்வ்லீட்டின் 4.49 கோடியை வேண்டாம் என்று சொல்லி, அவரையே 2 வருடம் 5 கோடிக்கு மறுபடி ஒப்பந்தம் செய்தார்கள். கெவின் டுரான்ட்டின் 5.47 கோடிக்கு ஈடாக கிரீனின் 3.33 கோடியையும் புரூக்ஸின் 2.11 கோடியையும் சேர்த்து ஃபீனிக்ஸுக்கு அனுப்பினார்கள், கூடவே அந்த ஆண்டின் 10ஆம் இட உரிமையும் ஐந்து இரண்டாம் சுற்று உரிமைகளும். புரூக்ஸின் ஒப்பந்தம் இல்லையென்றால் அந்தச் சம்பளக் கணக்கு பொருந்தியிருக்காது. செப்டம்பரில் வான்வ்லீட்டின் முழங்கால் தசைநார் கிழிந்தது பெரிய இடி. அதை எந்த ஒப்பந்தமும் தடுத்திருக்க முடியாது. ஆனால் அப்போது கணக்கில் இருந்தது 4.49 கோடி அல்ல, 2.5 கோடி.

நீ பின்தொடரும் அணிக்கும் இதே போல ஒரு தாள் போட்டுப் பார். இடப்பக்கம் ஒவ்வொரு இளைஞனின் நீட்டிப்பு தொடங்கும் ஆண்டு, வலப்பக்கம் ஒவ்வொரு மூத்த வீரரின் உத்தரவாதம் முடியும் ஆண்டு, கீழே கொடுக்க வேண்டிய டிராஃப்ட் உரிமைகளும் அவற்றின் நிபந்தனைகளும். இரண்டு பக்கமும் ஒரே ஆண்டில் முட்டினால் உடனே எனக்கு எழுது. ஹூஸ்டனின் தாளில் நான் அடுத்துப் பார்ப்பது ஆமென் தாம்சன். அவர் நீட்டிப்புக்குத் தகுதி பெறும் கோடை 2026, ஷெங்குனின் 18.5 கோடி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. தாம்சனுக்கு எவ்வளவு கொடுப்பாய், எத்தனை வருடம் கொடுப்பாய் என்று உன் கணக்கைப் போட்டு அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்