குறிப்பாணைக்கு முன் ஒரு கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

பதவி உயர்வு பெற்று ஒரு பள்ளியில் பொறுப்பேற்கும் தலைமை ஆசிரியரிடம் முதல் நாளிலேயே சாவிக்கொத்தும் ரொக்கப் பதிவேடும் மாணவர், ஆசிரியர் விவரங்களைப் பதியும் எமிஸ் (EMIS) இணையதளத்தின் கடவுச்சொல்லும் ஒப்படைக்கப்படுகின்றன. ஆனால், முந்தைய மாதம்வரை ஆசிரியர் அறையில் அமர்ந்து தலைமை ஆசிரியரைக் குறை சொல்லிக்கொண்டிருந்த அவர் (நானும் சொன்னவன்தான்), இனி நாற்பது பேரிடம் எப்படி வேலை வாங்குவது என்பதை இடறி விழுந்துதான் கற்றுக்கொள்கிறார். அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியராகப் பதினோர் ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

புதியவர்கள் பெரும்பாலும் முதலில் நம்புவது, விளக்கம் கேட்டு எழுத்தில் கொடுக்கும் குறிப்பாணையை, அதாவது ‘மெமோ’வைத்தான். தமிழ்நாட்டு அரசுப் பணியாளர்களுக்கான ஒழுங்கு விதிகளில் சிறு தண்டனைக்கு 17(அ), பெருந்தண்டனைக்கு 17(ஆ) என்று வழி இருக்கிறது. கையாடல், மாணவர்மீதான அத்துமீறல் போன்றவற்றில் வேறு பேச்சுக்கே இடமில்லை. ஆனால், தாமதம், முடியாத பாடப்பகுதி, திருத்தாத விடைத்தாள் என அன்றாடம் எழும் சிக்கல்களுக்குக் காகிதத்தை நீட்டினால் பதிலுக்கும் காகிதம்தான் வரும். பத்தாம் வகுப்பின் காலைச் சிறப்பு வகுப்புக்குத் தொடர்ந்து தாமதமாக வந்த ஓர் ஆசிரியைக்கு எனக்கு முன்பிருந்தவர் மூன்று முறை விளக்கம் கேட்டு எழுதியிருந்தார். நான் கேட்டது ஒரே கேள்வி: எந்தப் பேருந்தில் வருகிறீர்கள்? அவர் ஊரிலிருந்து முதல் பேருந்தே எட்டே முக்காலுக்குத்தான் வந்து சேரும். அவருடைய முறையை மாலைக்கு மாற்றினேன். காரணத்தையும் அவர் சம்மதத்துடன் ஆசிரியர் கூட்டத்தில் சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தால் அது சலுகையாகப் பேசப்பட்டிருக்கும்.

ஆசிரியர்கள் ‘சப்ஸ்டிட்யூஷன்’ என்று சொல்லும், விடுப்பில் இருப்பவரின் பாடவேளையை மற்றவருக்கு ஒதுக்கும் வேலையைச் சின்ன வேலை என்று யாரும் எண்ண வேண்டாம். மறுக்கத் தெரியாத இருவர் தலையிலேயே அது மாதக்கணக்கில் விழுவதால் உண்டாகும் கசப்பு, வேறு எதனாலும் உண்டாவதில்லை. யாருக்கு எத்தனை பாடவேளை கூடுதலாகப் போயிற்று என்ற கணக்கை ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டத் தொடங்கிய பிறகு, என்னிடம் முறையிட வருவோர் வெகுவாகக் குறைந்தனர்.

தவறும் செய்திருக்கிறேன். பாடக்குறிப்பேடு எழுதாத ஒருவரை மாணவர்கள் முன்னிலையில் கடிந்துகொண்டேன். அடுத்த இரண்டு ஆண்டுகள் அவர் பாடக்குறிப்பேடு தவறாமல் எழுதினார். அதற்கு மேல் பள்ளிக்காக ஒரு துரும்பையும் அசைக்கவில்லை.

ஆசிரியர் அல்லாதவர்களைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. மாதக் கூட்டத்துக்குத் தூய்மைப் பணியாளரையும் அழைத்தபோது சிலர் முகம் சுளித்தனர். மாணவியர் கழிப்பறைக்குப் பிற்பகலில் தண்ணீர் ஏறுவதில்லை என்பதையும், அதனால் பிள்ளைகள் பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமலேயே இருக்கிறார்கள் என்பதையும் அந்த அம்மாள்தான் சொன்னார். முப்பத்தைந்து ஆசிரியர்களில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். அவர்கள் வேலை முடிந்து வரும் நேரத்தில் கூட்டம் வைக்காமல், தீர்மானப் புத்தகத்தை வீட்டுக்கு அனுப்பிக் கையொப்பம் வாங்கினால் அந்த விகிதத்துக்கு என்ன பொருள்?

கல்வித் துறைக்கு ஒரு வேண்டுகோள். புதிதாகப் பதவி உயர்வு பெறுவோரைப் பொறுப்பேற்குமுன், நன்கு நடக்கும் ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியர் அருகில் இரண்டு வாரம் அமரச் செய்ய வேண்டும். அரங்கில் அமர்த்தி உரை கேட்க வைப்பது அதற்கு ஈடாகாது. காலை எட்டரை மணிக்கு மூன்று ஆசிரியர்கள் விடுப்பு என்று தொலைபேசி வரும்போது அவர் என்ன செய்கிறார், யாரை எந்தச் சொல்லால் அழைத்துப் பேசுகிறார் என்பதை அவர்கள் நேரில் பார்க்க வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.