லியோனார்டோ தலையில் கட்டாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால லட்சிய உலகங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆசையாக. இரண்டாம் முறை சிவப்புப் பேனாவோடு. ஓய்வுபெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை.

"எல்லோரும் சமமாக வாழும் உலகை அன்றைய கலைஞர்கள் கனவு கண்டார்கள்" என்று ஒரு வரி. பக்கத்தில் ஆளரவமற்ற ஒரு சதுக்கத்தின் படம். அதன் கீழே, 'லியோனார்டோ டாவின்சியின் லட்சிய நகரம்'. அது இத்தாலியின் உர்பினோ அரண்மனையில் இருக்கும் 15ஆம் நூற்றாண்டு ஓவியம் என்பதும், வரைந்தவர் யாரென்று இன்றுவரை முடிவாகவில்லை என்பதும் தாங்கள் அறியாததல்ல. பியரோ டெல்லா பிரான்செஸ்கா என்பார்கள், லௌரானா என்பார்கள், பிரா கார்னெவாலே என்பார்கள். சொந்தக்காரர் தெரியாத படம் என்றால் லியோனார்டோ தலையில் கட்டிவிடலாமா?

இரண்டு வருடம் முன்பு போலோன்யாவில் இருக்கும் மகளிடம் போயிருந்தபோது அதை நேரில் பார்த்தேன். உர்பினோவுக்கு ரயில் கிடையாது. பெசாரோவில் இறங்கி, பஸ் பிடித்து, முழங்கால் வலியோடு மேடேறிப் போனேன். நீளம் இரண்டரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, உயரம் முக்கால் மீட்டர்கூட இல்லை. நடுவில் வட்டக் கட்டடம், அதன் கதவு லேசாகத் திறந்திருக்கிறது. தரைக்கல் கோடுகள் எல்லாம் அந்தக் கதவுப் பக்கம்தான் ஓடுகின்றன. ஸ்கேல் வைத்துப் பார்க்கக் கை துடித்தது; காவலர் முறைத்ததால் விட்டுவிட்டேன். ஜன்னலில் செடிகள், இரண்டு புறாக்கள். மனிதர் ஒருவர்கூட இல்லை. சமத்துவம்தான், மறுக்கவில்லை. ஆளே இல்லாத ஊரில் யார் உசத்தி, யார் தாழ்த்தி?

தாங்கள் அதில் இடப்பக்கம் கால்வாசியை வெட்டி, சமையல் எண்ணெய் விளம்பரம் போட்டிருக்கிறீர்கள்.

லியோனார்டோவும் நகரம் வரைந்தவர்தான். மிலானில் 1484-85இல் கொள்ளைநோய் வந்துபோன பிறகு அவர் நோட்டுப் புத்தகத்தில் போட்ட திட்டத்தில் தெரு இரண்டு அடுக்கு. மேல் தெரு கனவான்களுக்கு மட்டும். வண்டி, சுமை, சாதாரண ஜனம் எல்லாம் கீழே. படிக்கட்டை வட்டமாக வைக்கச் சொன்னார். மூலை இருந்தால் ஆட்கள் சிறுநீர் கழித்துவிடுவார்களாம். சமத்துவத்தில் எப்படியோ, அந்த விஷயத்தில் மனிதர்களை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். தாமஸ் மோர் 1516இல் எழுதிய 'யுடோப்பியா' என்ற கற்பனை நாட்டு நூலில் தினம் ஆறு மணி நேரம்தான் வேலை என்பதைக் கட்டுரையாளர் மறக்காமல் சொல்கிறார். அங்கேயும் அடிமைகள் உண்டு, அவர்களுக்குத் தங்கச் சங்கிலி, மாடு அறுப்பது அவர்கள் வேலை என்கிற பக்கம் மட்டும் அவர் பிரதியில் ஒட்டிக்கொண்டிருந்ததோ என்னவோ.

அப்படி ஓர் ஊரைக் கட்டியும் பார்த்தார்கள். 1593இல் வெனிஸ் அரசு கட்டிய பால்மனோவா, ஒன்பது முனை நட்சத்திர வடிவக் கோட்டை நகரம். காகிதத்தில் அவ்வளவு அழகு. குடிவரத்தான் ஆளில்லை. கடைசியில் 1622இல் குற்றவாளிகளுக்கு மன்னிப்பும் இலவச மனையும் தருவதாகச் சொல்லி ஆள் பிடித்தார்கள். அங்கேயும் போனேன். நடுவில் அறுகோணத் திடல். எந்தத் தெரு வழியாக வந்தேன் என்று புரியாமல் மகளுக்குப் போன் போட வேண்டியதாயிற்று.

'கலையும் அறிவியலும் கைகோத்து நடந்த காலம்' என்று வேறு எழுதியிருக்கிறார். உண்மைதான், பியரோ பெர்ஸ்பெக்டிவ், அதாவது தூரம் போகப் போகச் சிறுத்துத் தெரிவதை வரையும் முறை, பற்றிக் கணிதப் புத்தகமே எழுதியவர். நான் 29 வருடம் ஓவிய ஆசிரியராக இருந்த பள்ளியில் அரையாண்டுப் பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது ஓவிய பீரியடுதான், அறிவியல் ஸ்பெஷல் கிளாசுக்கு. கைகோக்கும் லட்சணத்தை அங்கே கண்ணாரக் கண்டேன்.

போன வருடம், வட்டத்துக்கும் சதுரத்துக்கும் நடுவே கைகால் விரித்து நிற்கும் லியோனார்டோவின் விட்ருவியன் மனிதன் படத்தை, அதில் அவர் எழுதிய குறிப்போடு சேர்த்து இடவலமாகத் திருப்பிப் போட்டிருந்தீர்கள். வாழ்நாள் முழுக்க வலமிருந்து இடமாக எழுதிய லியோனார்டோ, தங்கள் புண்ணியத்தில் திருந்திவிட்டார். அதைச் சுட்டிக்காட்டி நான் எழுதிய கடிதத்தில் "கட்டுரை அருமை, ஆனால்" என்பது வரை எடுத்து, 'ஆனால்' என்பதையும் நீக்கி, பெருந்தன்மையோடு பிரசுரித்தீர்கள். என் பழைய மாணவர்கள் போன் செய்து வாழ்த்தினார்கள்.

சரி, கேட்பது இவ்வளவுதான். உர்பினோ படத்தை வெட்டாமல் ஒருமுறை முழுதாகப் போடுங்கள். கீழே 'வரைந்தவர் யாரென்று உறுதியாகவில்லை' என்று ஒரு வரி. நடுப்பக்கம் வேண்டாம், பின் அடிக்கும்போது சரியாக அந்தக் கதவில் குத்தும். ஒரே பக்கத்தில் சின்னதாக இருந்தாலும் போதும்.

இடம் போதாவிட்டால் இந்தக் கடிதத்தைத் தாராளமாகச் சுருக்கிக்கொள்ளலாம். "வணக்கம்" மட்டும் மிஞ்சாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரன்,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
திருச்சி.