தேறி வர உதவிய கைகளுக்கு

அன்புள்ள வார்டு சிஸ்டர்களுக்கும், பிசியோதெரபிஸ்டுகளுக்கும், வீட்டில் உடனிருந்து பார்த்துக்கொண்டவர்களுக்கும்,

வணக்கம். புற்றுநோய்க்காக மார்பகத்தை எடுத்து, மாதங்களோ வருடங்களோ கழித்து மறுசீரமைப்பு செய்துகொண்ட பெண்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. ஆபரேஷன் செய்த டாக்டர்களுக்கு நேரிலேயே நன்றி சொல்லிவிட்டோம். இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகல ரத்தக்குழாய்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் இணைத்தவர்கள் அவர்கள். அந்த இணைப்பு அடைத்துக்கொள்ளாமல் காத்தவர்கள் நீங்கள். உங்களில் பலருக்கு நன்றி சொல்ல வாய்க்கவே இல்லை.

“இத்தனை நாள் விட்டுவிட்டு இப்போது எதற்கு?” என்று கேட்காதவர்களிலிருந்து தொடங்குகிறோம். கதிர்வீச்சு பட்ட தோல் இறுகிப்போகும், அதில் ரத்த ஓட்டமும் குறையும். அது அடங்க ஆறு மாதமாவது காத்திருக்கச் சொல்வது வழக்கம். அப்படிப்பட்ட தோலுக்கு அடியில் சிலிக்கோன் பை வைத்தால் சுற்றிலும் இறுகிக் கல்லாகும் வாய்ப்பு அதிகம் என்பதால்தான், அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் ரத்தக்குழாயோடு எடுத்து மார்பில் பொருத்துகிறார்கள். தள்ளிப்போட்டுச் செய்யும்போது மார்புத் தோல் ஏற்கெனவே போயிருக்கும். அதனால் வயிற்றுத் தோல் பெரிய நீள்வட்டமாக, வேறு நிறத்தில், வெளியே தெரியும். இதைப் படம் வரைந்து முன்கூட்டியே காட்டிய ஆலோசகர்களுக்கு எங்கள் வணக்கம். கட்டு பிரிக்கிற நாளில் அதிர்ச்சி இல்லாமல் பார்க்க முடிந்தது அதனால்தான்.

இரவுப் பணி சிஸ்டர்களே, உங்களுக்கு எத்தனை சொன்னாலும் தகும். முதல் 48 மணி நேரம்தான் கண்டம். மணிக்கொரு தரம் டார்ச் அடித்து வந்து நின்றீர்கள். மார்பில் பொருத்திய தோலைப் புறங்கையால் தொட்டுச் சூடு பார்த்து, விரலால் அழுத்தி எடுத்து, வெளுத்த இடம் மறுபடி நிறம் திரும்ப இரண்டு மூன்று வினாடி ஆகிறதா என்று எண்ணினீர்கள். தோல் நீலம் பாரித்து வீங்கி, அழுத்தினால் சட்டென்று நிறம் திரும்பினால் சிரையில் அடைப்பு. வெளுத்துக் குளிர்ந்து, நிறம் திரும்ப நேரமானால் தமனியில் அடைப்பு. மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் இந்த நிற மாற்றம் எளிதில் கண்ணுக்குப் பிடிபடாது. அதனால்தான் தையல் போட்டுக் குறித்து வைத்த புள்ளியில் ரத்த ஓட்டத்தை ஓசையாகக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியை வைத்து, அந்த “உஷ்… உஷ்” ஓசை கேட்கும்வரை நகராமல் நின்றீர்கள். தூக்கம் கெடுகிறதே என்று சில நேரம் முகம் சுளித்தோம், மன்னியுங்கள். அடைப்பை உடனே கண்டு தியேட்டருக்குத் திருப்பி அனுப்பினால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். விடியட்டும் என்று விட்டால் திசு செத்துப்போகும். சந்தேகம் வந்த நிமிடமே டாக்டரைப் போனில் எழுப்பிய உங்கள் துணிச்சலுக்குத்தான் முதல் நன்றி.

குனிந்தே நடக்கவிட்ட பிசியோதெரபிஸ்டுகளுக்கும் நன்றி. வயிற்றுத் தோலை இழுத்துத் தைத்திருப்பதால் முதல் ஒன்றிரண்டு வாரம் நிமிரக் கூடாது. படுக்கையிலும் முதுகை உயர்த்தி, முழங்காலுக்கு அடியில் தலையணை. பார்க்க வருகிறவர்கள் “நிமிர்ந்து நட” என்பார்கள். அவசரப்பட்டு நிமிர்ந்தால் தையல் விளிம்பு வெளுத்துப் பிரியும். அதே சமயம் படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும் என்று மறுநாளே எழுப்பி நடத்தினீர்கள். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்லிக்கொடுத்தீர்கள். சின்ன விஷயம்தான், ஆனால் பெரிய நிம்மதி.

வீட்டில் உடனிருந்தவர்களே, காயத்தில் சேரும் திரவத்தை வெளியே இழுக்கும் டியூபையும் அதன் நுனியில் உள்ள குமிழையும் கையில் எடுக்கும்போது முதல் நாள் உங்கள் விரல்கள் நடுங்கின. மூன்றாம் நாள் எங்களைவிட உங்களுக்கே நன்றாகக் கைவந்துவிட்டது. கையைக் கழுவி, தோலருகே குழாயை ஒரு கையால் இறுகப் பிடித்து, மறு கையின் இரு விரலால் கீழ்நோக்கி வழித்து, உள்ளே திரித்திரியாய் நிற்கும் ரத்தக்கட்டியை இறக்குவீர்கள். பிறகு குமிழைத் திறந்து அளவுக் கோப்பையில் ஊற்றி, குமிழை முழுக்க நசுக்கிப் பிடித்தபடியே மூடியை அடைப்பீர்கள். நசுக்காமல் மூடினால் உறிஞ்சும் இழுப்பு இருக்காது. திரவம் உள்ளேயே தங்கிவிடும். காலையும் மாலையும் அளந்து, ஒவ்வொரு டியூபுக்கும் தனிப் பத்தி போட்டு நோட்டில் எழுதினீர்கள். 24 மணி நேரத்தில் 30 மி.லி.க்குக் கீழ் இறங்கி, அடுத்த நாளும் அப்படியே நின்றால்தான் பொதுவாக எடுப்பார்கள். குழாயில் வராமல் துளையைச் சுற்றிக் கசிந்தால் அடைப்பு என்று பார்த்தீர்கள். திடீரென்று பளிச்சென்ற சிவப்பில் நிறைந்து மார்போ வயிறோ உப்பினால் நேரே மருத்துவமனைதான் என்று வண்டியைத் தயாராக வைத்திருந்தீர்கள்.

ஆறு வாரத்துக்கு நிறைந்த வாளி, அழுகிற குழந்தை, எதையும் தூக்கவிடாமல் பார்த்துக்கொண்டதற்கும் நன்றி. மலச்சிக்கலில் முக்கினாலும் வயிற்றுத் தையல் இழுபடும். வலி மாத்திரையால் மலச்சிக்கல் வரலாம் என்று, அதைத் தொடங்கிய அன்றே மலமிளக்கும் மருந்தையும் கேட்டு வாங்கி வந்தீர்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். புது மார்புக்கு உணர்ச்சி இருக்காது. ஒன்றிரண்டு வருடத்தில் கொஞ்சம் திரும்பலாம், முழுதாக வராது. வலிக்கிறதே என்று பாசத்தில் வெந்நீர்ப் பை வைத்தால், சுடுவது தெரியாமலே தோல் வெந்து கொப்புளித்துவிடும். ஐஸும் அப்படித்தான் கெடுதல் செய்யும். எங்கள் கையிலிருந்து அந்தப் பையைப் பிடுங்கியவர்களுக்குக் கோடி நன்றி. கம்பி வைத்த பிரா கூடாது என்று தேடித் தேடி மெத்தென்ற பிரா வாங்கி வந்தவர்களுக்கும்தான்.

சில மாதம் கழித்து மார்பில் கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் பயத்தில் உயிரே போய்விடும்போல இருக்கும். ரத்தம் போதாமல் கொழுப்பு செத்து இறுகினாலும் அப்படிக் கட்டி வரும். அது பெரும்பாலும் ஆபத்தில்லாதது. “ஒன்றுமில்லை” என்று வாயால் சொல்லி அனுப்பாமல், ஸ்கேன் எடுத்து, தேவைப்பட்டால் ஊசியால் சதை எடுத்துப் பரிசோதித்து, முடிவைத் தாளில் காட்டிய டாக்டர்களே, அந்தத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

கடைசியாக, டியூப் குமிழ் வைக்கத் துணிப்பை தைத்துத் தந்த அக்காமார்களுக்கு. சட்டைக்குள் கழுத்திலிருந்து தொங்கும்படி, குளிக்கும்போது தோலை இழுக்காதபடி, அளவெடுத்துத் தைத்தீர்கள். அத்தனையையும் துவைத்து, இஸ்திரி போட்டு மடித்து வைத்திருக்கிறோம். ஒருவருக்கு மூன்று நான்கு பை வேண்டியிருக்கும். நாடாவை மட்டும் இன்னும் ஒரு சாண் நீளமாக வைத்துக்கொடுங்கள். உயரமானவர்களுக்கு எட்டவில்லை. அடுத்து ஆபரேஷனுக்குப் போகிறவர்களிடம் நாங்களே கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

நன்றியுடன்,
உங்கள் கவனிப்பில் தேறியவர்கள்